தூள்

சல்லடையில் கடைசியாய் விழுவதன் நிறம் அவளுக்கு.
அதனால்தான் தூள்.
யார் வைத்த பேர் என்று கேட்டால்
லயத்தின் பத்துக் காம்பராவும் கை தூக்கும்;
சோறு யார் வைப்பது என்று கேட்டால்
என் கதவைக் காட்டும்.

போன ஈத்தில் நாலையும்
ஏழாம் நம்பர் மலையில், தேயிலைத் தூருக்குள் போட்டாள்.
மூன்றாம் நாள் அந்த இடத்தில்
நசுங்கிய புல் இருந்தது.
சிறுத்தையின் தடம் என் உள்ளங்கையளவு.
பிறகு ஒரு வாரம்
பால் கட்டிய மடியோடு
கொழுந்தெடுக்கிற எங்கள் கால்களையெல்லாம்
மோந்து மோந்து திரிந்தாள்.

இந்தமுறை வயிறு இறங்கத் தொடங்கியதும்
விறகு அட்டாளைக்குக் கீழே இடம் ஒதுக்கினேன்.
என் பழைய படங்கை நாலாய் மடித்துப் போட்டேன்.
நான்கு வருட மழை அதில் இன்னும் காயவில்லை.
என் வாசனை இருந்தால் நம்புவாள்.

அடுத்த காம்பரா திலகவதிக்கு ஆறாம் மாதம்.
பொகவந்தலாவை கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷ
அவளுக்கு வாய்க்குள் மணல்.
பாக்கெட் பாக்கெட்டாய்ப் பின்பக்கமாக எனக்குத் தந்தாள்.
வெந்நீரில் பிசைந்து,
உப்புப் போகக் கழுவிய கருவாட்டுத் தலையை நசுக்கி,
தூளுக்கு வைத்தேன்.
மருத்துவிச்சி வந்து நிறுத்துப் பார்த்து
"திங்கிறதெல்லாம் எங்கே போகுது?" என்றாள்.
வாசலில் படுத்திருந்தவள்
வாலால் இரண்டு தரம் தரையைத் தட்டினாள்.
மறுநாளிலிருந்து பாதிப் பாதி.
என் கண்ணெதிரே திலகவதி ஓர் உருண்டை விழுங்கினால்தான்
தூளுக்கு ஓர் உருண்டை.

ஐப்பசி மழை. வைத்த சோற்றை மோந்துவிட்டுத் திரும்பினாள்.
படங்கைச் சுருட்டினாள், விரித்தாள், பிறாண்டினாள்.
கதவுக்குக் குறுக்கே அம்மிக்கல்லை நகர்த்தினேன்.
முதலாவது பதினொன்றரைக்கு.
நடுவில் ஒரு மணிநேரம் ஒன்றுமே இல்லை,
தகரத்தில் மழையும் அவள் மூச்சும்.
விழுந்த நஞ்சை எண்ணிக்கொண்டிருந்தேன்,
குட்டிக்கு ஒன்று, கணக்குச் சரியாக வரவேண்டும்.
கை நீட்டவில்லை. அவள் பல்லே போதும்.

ஆறாவதுக்குப் போதவில்லை.
பையைக் கிழித்தும் அது அசையவில்லை.
துவாயால் தேய்த்தேன். மூக்கை உறிஞ்சித் துப்பினேன்.
மறுபடி தேய்த்தேன்.
காய்ந்த கொழுந்து கைக்குள் நொறுங்குகிறாற்போல ஒரு சத்தம்.
அதுதான் அழுகையாம்.

கொழும்புக்குப் போனவர் விட்டுப்போனவை இரண்டு:
ஒரு சாராயப் போத்தல், ஒற்றைக் காலுறை.
போத்தலில் வெந்நீர் ஊற்றிக் காலுறைக்குள் நுழைத்து
குட்டிகளின் முதுகுப் பக்கம் வைத்தேன்.
காலையில் பிரட்டுக்குப் பிந்தினேன்.
அரைப்பேர்.

சின்னது குடிக்கிறதா, குடிக்கிற மாதிரி நடிக்கிறதா?
மூன்றாம் நாள் மழை வெறித்ததும்
ஆறையும் கொழுந்துச் சாக்கில் பொதிந்து
மடுவத்துக்குக் கொண்டுபோனேன்,
தூள் என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தாள்.
கணக்கப்பிள்ளை அருமைநாயகம் சாக்கோடு நிறுத்தார்.
இரண்டு கிலோ நூறு.
ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று
வழக்கம்போல இரண்டைக் கழித்து
பேனாவைத் திறந்தார்.

நூறு கிராம்.
ஆறு உயிர்.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்ததில்
முதுகுக் கூடைகள் குலுங்கின.
அவருக்குக் காது சிவந்தது.
பேனாவை மூடினார். சாக்கைப் பிரித்து
ஒவ்வொன்றாய்த் தன் கையால் தட்டில் வைத்தார்.
சின்னது நூற்றுத் தொண்ணூறு.
"நாளைக்கும் கொண்டு வா."
யாரையும் பார்க்காமல் சொன்னார்.

பின்முலையில்தான் பால் அதிகம்.
தடியன்கள் தள்ளாமல் இரண்டு விரலால் மறித்து
சின்னதை அங்கே பிடித்துவைக்கிறேன்.
குட்டி நகம் மடியைக் கீறுகிறது என்று
திலகவதி நகவெட்டியோடு வருகிறாள்,
வயிறு இடிக்க இடிக்கக் குனிகிறாள்.
இருநூற்றுப் பத்து. இருநூறு. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.
இருநூற்று நாற்பது.

ராத்திரி, பீலிக்கரைப் பக்கம்
கூரைத் தகரம் ஒருதரம் அழுந்தி எழுகிறது.
தூள் தலையைத் தூக்குகிறாள். குரைக்கவில்லை.
அம்மிக்கல் இருக்கிறதா என்று
இருட்டில் காலால் தடவிப் பார்க்கிறேன்.
ஆறு வாயும் நிறுத்தவில்லை.